கரைக்கு வந்தவர்

மலாயாவில் பேராக் ஆற்றின் வாய்க்குத் தெற்கே, பாகான் டத்தோ படகுத்துறையை ஒட்டியிருந்த தாழ்ந்த சேற்றுநிலத்தில் தென்னந்தோட்டம் போட்டிருந்தார்கள். கடல் உள்ளே வராமலிருக்க மண்ணை வெட்டிப் போட்டு நீளக் கரை எழுப்பியிருந்தார்கள். கரைக்கு அந்தப் பக்கம் கண்டல் காடு, அதற்கப்பால் சேறு, அதற்கும் அப்பால் தண்ணீர். இந்தப் பக்கம் வரிசை வரிசையாகத் தென்னையும் நடுவே கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளும். அலையேற்றம் பெரிதாக இருக்கும் நாட்களில் கரைமேல் ஏறி நின்றால் கடல் மேட்டிலும் வீட்டுக் கூரைகள் பள்ளத்திலும் தெரியும். ராமநாதபுரத்துப் பொட்டலிலிருந்து வந்த சனங்களுக்கு அந்தக் காட்சி பழகவே சில மழைக்காலங்கள் பிடித்தன.

ராக்காயிக்குக் கொப்பரைச் சாலையில் வேலை. ஆண்கள் உரித்துப்போடும் காய்களை அரிவாளால் இரண்டாக உடைப்பது, தண்ணீர் வடிந்த மூடிகளை மூங்கில் பரணில் அடுக்குவது, பரணுக்குக் கீழே சிரட்டையைக் கொளுத்தி அனலைச் சீராக வைத்திருப்பது எல்லாம் பெண்கள் பாடு. தீ கூடினால் கொப்பரை கருகும். குறைந்தால் பூசணம் பிடிக்கும். புகையிலேயே நின்று நின்று அவள் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். அதனால் அந்த மழைக்காலத்தில் அவள் அழுதாளா இல்லையா என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை.

அவள் புருசன் பிச்சைமுத்து காய் உரிப்பவன். தரையில் நட்ட இரும்புக் கூரில் காயைக் குத்தினால் இரண்டு திருகில் மட்டை கழன்றுவிடும். பேச்சு அதிகம் கிடையாது. சாப்பிட்டு எழும்போது மட்டும் ஏதாவது சொல்வான். "கருவாட்டுல உப்புக் கூடிப்போச்சு" என்பான், வட்டிலை வழித்துத் தின்றுவிட்டு. அவன் தம்பி சின்னையாவும் அதே வீட்டில்தான் இருந்தான், கல்யாணம் ஆகாதவன். ராக்காயிக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் காய்ச்சலில் போய்விட்டன. வீட்டில் மூன்றே பேர்.

ஆற்றில் பெரிய வெள்ளம் வந்ததற்கு முந்திய வருசம், புரட்டாசிக் கடைசியில், கொப்பரை ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் போகச் சீனத் தவுக்கே முதலாளியின் தொங்கான், பெரிய பாய்மரச் சரக்குப் படகு, துறைக்கு வந்தது. மூட்டைகளோடு தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் போவது வழக்கம். மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூடவும் பினாங்கில் இறக்கிக் கொடுக்கவும் ஆள் வேண்டும். கங்காணி ஐயாவு அந்த முறை அண்ணனையும் தம்பியையும் அனுப்பினார். பிச்சைமுத்துவுக்குப் பினாங்கு பார்க்க வெகுநாளாக ஆசை. கிளம்பும்போது சிரித்துக்கொண்டுதான் போனான்.

மறுநாள் காலை, வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சுமத்ராக் காற்று அடித்தது. மேற்கே கடலுக்கு மேல் கருப்பாக ஒரு சுவர் எழுந்து வந்தது. தென்னைகள் ஒரே பக்கமாக வளைந்தன. கொப்பரைச் சாலையின் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. பெண்கள் பரணுக்கடியில் ஒண்டிக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு நவமணி மெல்லக் கேட்டாள். "ஏக்கா, நம்ம ஆளுக கடல்ல இருக்காகளே?"

"தொங்கான் பெருசு. அதுக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள் ராக்காயி. சொல்லிவிட்டு அணைந்த சிரட்டைகளை ஒதுக்கத் தொடங்கினாள்.

சில நாள் கழித்துச் சின்னையா மட்டும் திரும்பி வந்தான். செம்பிலான் தீவுகளுக்குப் பக்கத்தில் தொங்கான் கவிழ்ந்ததாம். பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்த அவனையும் சீனர் இரண்டு பேரையும் மீன்பிடிக்காரர்கள் தூக்கி லூமுட்டில் விட்டிருக்கிறார்கள். தோளும் முதுகும் வெயிலில் வெந்து தோல் உரிந்திருந்தது. லயத்துச் சனம் மொத்தமும் வாசலில் கூடி நின்றது.

"அண்ணன் எங்கடா?" என்று ஐயாவு கேட்டார்.

"தெரியல மாமா. நான் பாக்கல. கவுந்ததும் ஆளுக்கொரு பக்கமாப் போயிட்டோம்."

"வேற படகு எதுவும் தூக்கியிருக்குமா?"

"தெரியல மாமா."

ராக்காயி அவனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். முதுகுக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள். அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்க்கவேயில்லை.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. துறைக்கு வரும் ஒவ்வொரு படகிலும் கேட்டுச் சொல்லும்படி மளிகைக்கடை முகம்மது கௌஸிடம் சொல்லி வைத்திருந்தார்கள். கௌஸ் நாகூர்க்காரர். மலாயும் கொஞ்சம் சீனமும் பேசுவார். படகுக்காரர்கள் எல்லோரும் அவர் கடையில்தான் சாமான் வாங்குவார்கள். எவரும் நல்ல சேதி கொண்டுவரவில்லை. ராக்காயி குங்குமம் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். சில பெண்கள் அவள் நெற்றியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேறு சிலர், அழிக்கச் சொல்ல நாம் யார் என்று சும்மா இருந்தார்கள்.

ஒரு நாள் காலை கௌஸின் கடையிலிருந்து ஆள் வந்தது. ஆற்று வாயில் சீனர்கள் மீன் பிடிக்கக் கம்பு நட்டுக் கட்டியிருந்த மீன்பட்டியில் ஒரு உடல் ஒதுங்கியிருக்கிறது. போலீஸ் மாத்தாக்கள் எடுத்துத் துறைக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் வந்து பார்க்க வேண்டும்.

ஐயாவு மாட்டுவண்டி கட்டினார். ராக்காயியும் சின்னையாவும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். மழை தூறிக்கொண்டேயிருந்தது. கரையோரத்து வண்டித்தடம் குழைந்து கிடந்தது.

துறையில் ஒரு பழைய சரக்குக் கொட்டகைக்குள் உடலைக் கிடத்தித் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். கௌஸ் தன் கடையிலிருந்து சாம்பிராணி கொண்டுவந்து புகைய வைத்திருந்தார். சீக்கியக் கார்ப்பரல் ஒருவர் வாசலில் நின்றார். அவர் மலாயில் சொன்னதைக் கௌஸ் தமிழில் சொன்னார்.

"பயப்படாம பாருமா. மொகம் சரியா இருக்காது. மீனு தின்னுருக்கு. ஒசரம், ஒடம்பு வாகு, இத வச்சுத்தான் பாக்கணும்."

தார்ப்பாயை மார்புவரை விலக்கினார்கள். சின்னையா வாசலைத் தாண்டி ஓரடி வைத்தான்.

"அண்ணந்தான்," என்றான்.

ராக்காயி திரும்பினாள். "நீ இன்னும் பாக்கவே இல்லயே."

"பாத்துட்டேன் மதினி. அண்ணந்தான்."

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். கண்கள் இல்லை. உதடுகள் இல்லை. பல்வரிசை அப்படியே வெளியே தெரிந்தது. சின்னப் பற்கள், ஒன்றுகூடக் குறையாமல் நெருக்கமாக இருந்தன. பிச்சைமுத்துவுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. தோட்டத்துக்கு வந்த புதிதில் தென்னை மட்டை முகத்தில் விழுந்து போனது. கல்யாணத்தன்று அவன் வாயை மூடியபடியே சிரித்தது அவளுக்கு நினைவிருந்தது.

அவள் நிமிர்ந்தாள். "இது அவுக இல்ல."

கார்ப்பரல் கங்காணியைப் பார்த்தார். ஐயாவு அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கூரை ஓரத்தில் நிறுத்தினார். அவளுடைய அப்பனுக்குத் தெரிந்தவர் அவர். ஊரிலிருந்து கப்பலேற்றிக் கூட்டிவந்தவரும் அவர்தான். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஆத்தா, நான் சொல்றதக் கேளு. கடல்ல போன ஆளு. இத்தன நாளாச்சு. இனிமே வருவான்னு ஒனக்கு நம்பிக்க இருக்கா?"

அவள் கொட்டகை வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு ஒடம்பு மண்ணுக்குள்ள போனாத்தான் காரியம் நடக்கும். நடக்காட்டி நீ யாரு? சுமங்கலியா, தாலியறுத்தவளா? ஒரு நல்லதுக்கு ஒன்னக் கூப்புட முடியுமா? நாளைக்கு ஒனக்கு இன்னொரு வழி யோசிக்கத்தான் முடியுமா? செத்துட்டான்னு உறுதியாச்சுன்னா ஊருக்குக் கப்பலேத்தி விடுறேன்னு தொரை சொல்லிட்டாரு. ஒங்கப்பன்ட்ட ஒன்னயாவது ஒப்படைக்கணும்ல நானு."

"அது அவுக இல்ல மாமா."

"இல்லன்னே வச்சுக்க. யாரோ ஒரு அனாதப் பொணம். நம்ம கையால வாய்க்கரிசி வாங்கிட்டுப் போகட்டுமே. அதுலயும் புண்ணியந்தான?"

ராக்காயி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். துறையில் ஒரு சிறிய சம்பான் படகில் தேங்கிய தண்ணீரை ஒரு சீனக் கிழவர் இறைத்துக்கொண்டிருந்தார். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம். அவளுக்கும் களைப்பாகத்தான் இருந்தது.

"அவருக்கும் ஒருத்தி இருப்பாள்ல," என்றாள் கடைசியில். "நான் எடுத்துக்கிட்டா அவ எங்க போயித் தேடுவா?"

உள்ளே அதற்குள் கௌஸ் கார்ப்பரலிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தார்ப்பாய்க்குள் குனிந்து பார்த்தார். உடலின் இடுப்பிலிருந்து அகலமான ஒரு துணிவாரை அவிழ்த்து எடுத்தார். வெளியே வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"கங்காணியாரே, இவரு நம்ம மார்க்கத்து ஆளு. சுன்னத்து ஆயிருக்கு. இந்த வாரு கம்பத்துல, மலாய்க் கிராமத்துல, கட்டுறது. மையத்த நாங்க எடுத்துக்குறோம். குளிப்பாட்டித் தொழுது அடக்கம் பண்ணணும்." பிறகு ராக்காயியைப் பார்த்து, "தங்கச்சி, நீ மட்டும் ஆமான்னு சொல்லியிருந்தா நான் உள்ளயே போயிருக்க மாட்டேன்," என்றார்.

ஐயாவு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சின்னையா ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

வீடு வந்து சேர்ந்தார்கள். ராக்காயி அடுப்பை மூட்டி உலை வைத்தாள். சின்னையா கதவோரத்தில் நின்றான்.

"மதினி, அண்ணன் வராது."

"வராதுன்னு எல்லாருந்தான் சொல்றாக."

"எல்லாரும் சொல்றது வேற. நான் பாத்தேன்."

அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது.

"கண்ணு முன்னால பாத்தேன். அன்னைக்குப் பாக்கலேன்னு பொய் சொன்னேன். ஒன் மொகத்தப் பாத்து எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. அதான், ஏதோ ஒரு ஒடம்பு கெடச்சா ஒனக்கு ஒரு முடிவு வரும்னு அண்ணந்தான்னு சொன்னேன்."

ராக்காயி களைந்த தண்ணீரை வெளியே ஊற்றினாள்.

"இத்தன நாளா துறைக்கும் வீட்டுக்கும் நான் அலஞ்சதப் பாத்துக்கிட்டுத்தான இருந்த," என்றாள். "இன்னைக்குப் பொய்யின்னு சொல்ற. நாளைக்கு எதப் பொய்யின்னு சொல்லுவ? போ. எங்கிட்டப் பேசாத."

அன்றிலிருந்து அவள் அவனுக்குச் சோறு எடுத்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். அவனும் அவள் இல்லாத நேரமாக வந்து தின்றுவிட்டுப் போவான். ஒரே கூரைக்குக் கீழே இருவரும் அப்படி இருந்தார்கள்.

தீபாவளி வந்தது. லயத்தில் எண்ணெய் காய்ந்தது. நவமணி ஒரு வட்டிலில் பணியாரம் கொண்டுவந்தாள். ஆனால் வாசலில் நின்றபடியே நீட்டினாள்.

"தப்பா நெனைக்காதக்கா. உள்ள வந்தா எம் மாமியாக்காரி ஏசும். ஒன் கழுத்துல கெடக்குறது என்னான்னு யாருக்கும் வெளங்கல."

"எனக்கும் வெளங்கலடி," என்று ராக்காயி வாங்கிக்கொண்டாள்.

ஐயாவு இன்னொரு முறை வந்தார். சின்னையா அவரிடமும் உண்மையைச் சொல்லியிருந்தான்.

"கண்ணால பாத்தவன் சொல்லிட்டான். இனிமே என்னத்தா? பெரியவுகள வச்சு முறையா தாலிய எறக்கிருவோம்."

"எறக்குறப்ப நானே எறக்குறேன் மாமா. யாரும் எங் கழுத்துல கை வைக்க வேணாம்."

அவர் கோபப்படாமல் எழுந்து போனார். அதன்பிறகு குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றப் பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

மார்கழி மழை விட்டு வெயில் தலைகாட்டிய ஒரு பிற்பகலில், கௌஸின் வண்டி லயத்து வாசலில் வந்து நின்றது. கௌஸோடு ஒரு மலாய்ப் பெண் இறங்கினாள். ராக்காயியின் வயதுதான் இருக்கும். வெளுத்த பாஜூச் சட்டை, தலையில் முக்காடு, கையில் ஓலைக் கூடை. வேலை முடிந்து அப்போதுதான் வந்த ராக்காயி கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, இவங்க பேரு ஜைனப். பந்தாய் ரெமிஸ் பக்கத்துக் கம்பம். அந்த வாரப் பத்திப் போற வர்ற படகுல எல்லாம் சொல்லி விட்டிருந்தேன். கேட்டுட்டு வந்திருக்காங்க. அதே காத்துலதான் இவங்க வீட்டுக்காரரும் மீனுக்குப் போயி வரல. வாரப் பாத்தாங்க. இவங்க நெய்ததுதானாம். காலையில கபுருக்குக் கூட்டிப்போயி ஓதிட்டு வாரோம். ஒன்னப் பாக்கணும்னு சொன்னாங்க."

ராக்காயிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாயை உதறி விரித்தாள். கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். குடிப்பாளோ மாட்டாளோ என்று கௌஸைப் பார்த்தாள். ஜைனப் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். ஓலைக் கூடையிலிருந்து காய்ந்த இறால் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பாய்மேல் வைத்தாள்.

பிறகு மலாயில் மெதுவாகப் பேசினாள். சந்தையில் பேசும் மலாய் ராக்காயிக்குத் தெரியும். புரியாததைக் கௌஸ் சொன்னார்.

"நீங்க வேணாம்னு சொன்னதாலதான் அவரு எனக்குக் கெடச்சாருன்னு சொல்றாங்க."

"நான் வேணாம்னு சொல்லல பாய். எங்க வீட்டுக்காரரு இல்லன்னுதான் சொன்னேன்."

ஜைனப் தலையசைத்தாள். இன்னும் சொன்னாள். தினமும் அவருக்குச் சோறு எடுத்து வைத்தேன். பொழுது சாய்ந்ததும் அதைக் கோழிக்குப் போட்டேன். எங்கள் மார்க்கத்தில் புருசன் இறந்தால் வீட்டிலிருந்து துக்கம் காக்க வேண்டும். எனக்குக் காக்கவும் முடியவில்லை, காக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. கடலும் சொல்லவில்லை. யாராவது ஒருவர் பார்த்தேன் என்று சொன்னால் போதும் என்று கிடந்தேன்.

கௌஸ் சொல்லி முடித்தபோது ராக்காயி பாயின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"உன் புருசன்?" என்று ஜைனப் நேராக அவளையே மலாயில் கேட்டாள். "யாராவது பார்த்தார்களா?"

ராக்காயி வாசல் வழியே காய் உரிக்கும் மேட்டுப் பக்கம் பார்த்தாள்.

"அடா," என்றாள் பிறகு, மலாயிலேயே. "பாத்த ஆளு இருக்கு. அவரு தம்பி பாத்தான்."

ஜைனப் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரின் உள்ளங்கையும் காய்ப்புக் காய்த்துச் சொரசொரப்பாக இருந்தது. படகுக்கு நேரமாகிறது என்று கௌஸ் எழுந்தார். ராக்காயி ஒரு தேங்காய்க் குலையை வண்டியில் ஏற்றிவிட்டாள். வண்டி மறையும்வரை வாசலில் நின்றாள்.

காய் உரிக்கும் மேட்டில் சின்னையா அன்றைய கடைசிக் குவியலோடு தனியாக இருந்தான். அவள் வருவதைப் பார்த்ததும் கையிலிருந்த காயைக் கீழே போட்டான்.

"சொல்லு," என்றாள்.

"என்ன மதினி?"

"நீ பாத்தத. ஒண்ணு விடாமச் சொல்லு."

அவன் மட்டைக் குவியல்மேல் உட்கார்ந்தான். அவள் நின்றாள்.

"காத்து வந்ததும் பாய எறக்கச் சொல்லிச் சீனன் கத்துனான். அண்ணன் கயித்த அவுக்கப் போச்சு. அதுக்குள்ள தொங்கான் சாஞ்சிருச்சு. நானும் அண்ணனும் ஒரே பக்கந்தான் விழுந்தோம். எனக்குப் பலகை கெடச்சுச்சு. அண்ணன் கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்துச்சு, ஆனா வர முடியல. கால்ல கயிறு சுத்தியிருந்துச்சு. பாய்க்கயிறு. அது தொங்கானோட சேத்து இழுக்குது. நான் கைய நீட்டுனேன் மதினி. சத்தியமா நீட்டுனேன். ஒரு தடவ விரலு பட்டுச்சு. அடுத்த அலை வந்து எறங்குனப்ப ஆளு இல்ல."

"ஏதாச்சும் சொன்னாகளா?"

சின்னையா அவளைப் பார்த்தான். அவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தையை அவன் இட்டுக்கட்டியிருக்கலாம்.

"இல்ல மதினி. வாயெல்லாம் தண்ணி. என்னத்தான் பாத்துக்கிட்டே இருந்துச்சு."

"ரொம்ப நேரமா?"

"இல்ல. வெரசா முடிஞ்சிருச்சு."

ராக்காயி அவனுக்கு எதிரே மட்டைமேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு அது நிற்கவில்லை. கொப்பரைச் சாலையில் கொப்பரையைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நவமணி ஓடிவந்து அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அன்றைக்கு நவமணியின் மாமியார்கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் வேலை விட்டதும் ராக்காயி கரையேறிக் கடல் பக்கம் நடந்தாள். சின்னையாவும் நவமணியும் பின்னால் வந்தார்கள். ஐயாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் கரைமேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார், கீழே இறங்கவில்லை. கண்டல் மரங்களுக்கு நடுவே மீன்பிடிக்காரர்கள் போட்டிருந்த பலகைப் பாதையில் போய், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த இடத்தில் அவள் முழங்காலளவு இறங்கினாள். தாலியைத் தானே கழற்றினாள். முறுக்கேறிப் போன கயிறு முடிச்சவிழ நேரம் பிடித்தது. நவமணி உதவ வந்தபோது வேண்டாமென்று தலையசைத்தாள். கழற்றியதைச் சின்னையாவின் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து முகத்தையும் நெற்றியையும் கடல் தண்ணீரில் கழுவினாள். சின்னையா தலையில் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டு மேற்கே பார்த்துக் கும்பிட்டான்.

ஈரம் சொட்டத் திரும்பிக் கரைக்கு வந்தபோது ஐயாவு கேட்டார்.

"அடுத்த கப்பலுக்குத் தொரைட்டச் சொல்லட்டுமா, ஆத்தா?"

"வேணாம் மாமா."

"ஊருல ஒங்கப்பன் இருக்கான். இங்க ஒனக்கு யாரு இருக்கா?"

ராக்காயி சேலையைப் பிழிந்துகொண்டே கடலைத் திரும்பிப் பார்த்தாள். அலை ஏறிக் கண்டல் வேர்கள் எல்லாம் மூழ்கிவிட்டிருந்தன.

"அவுக இங்கதான மாமா இருக்காக," என்றாள். "அவுகள விட்டுட்டு நான் எங்க போக?"

ஐயாவு இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவள் முன்னால் நடந்தாள். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கரையிலிருந்து லயத்துப் பக்கம் இறங்கினார்கள்.